குஷன் அழகரும் றம்லத்தின் மாத்திரை டின்னும்

வத்தேகமவிலிருந்து கண்டிக்கு ஓடுகிற பஸ்களில் எதில் ஏறி உட்கார்ந்தாலும், உட்காருகிறவரின் பின்பக்கம் அழகரின் கைவேலையைத் தொடாமல் தப்பாது. பெரிய உத்தியோகக்காரரா, சந்தைக்குக் கோவா மூட்டையோடு ஏறுகிற சனமா என்று அந்தக் குஷனுக்குப் பேதம் கிடையாது. நாற்பத்தைந்து வருஷமாக அவர் ரெக்சின் வெட்டி, ஸ்பொஞ்ச் அடைத்து, வளைந்த ஊசியால் தைத்துப் போட்ட சீட்டுகளில்தான் அந்த ரோட்டில் சனம் தூங்கியது, சண்டை பிடித்தது, காதல் பண்ணியது. இதை அழகரே சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

சும்மா சொல்லக்கூடாது, சொல்லிக்கொள்ள அவருக்கு விஷயம் இருந்தது. சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்தவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனார். நான்காம் வகுப்புக்கு வாத்தியார் வரவில்லை, ஆகவே இவரும் போகவில்லை. பிறகு கண்டி டவுனில் ஒரு குஷன் கடையில் பழைய சீட்டைக் கிழித்துத் தேங்காய்த் தும்பு பிரிக்கிற வேலையில் தொடங்கி, முப்பது வயதில் வத்தேகம பஸ் நிலையத்துக்குப் பின்னால் சொந்தக் கடை போட்டு, கடைக்குப் பின்னால் வீடும் கட்டினார். பல்லேகலயில் கிரிக்கெட் மைதானம் எழும்பியபோது அத்தனை ஆசனத்துக்கும் குஷன் வேலை தன்னிடம்தான் வரும் என்று நம்பியிருந்தார். பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். அன்றிலிருந்து அவர் கிரிக்கெட் பார்ப்பதை விட்டுவிட்டார். நம்முடைய அணி தோற்கத் தொடங்கியது அதனால்தான் என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவருடைய வழுக்கைத் தலையில், அறுபத்தெட்டாவது வயதில், உச்சிக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக நாவல்பழ நிறத்தில் ஒரு தடம் வந்தது. பஸ்ஸுக்குள் சீட்டுக்கடியில் புகுந்து நட்டுக் கழற்றுகிறவருக்குத் தலையில் அடிபடுவது அன்றாடச் சமாசாரம். கன்றிப்போயிருக்கிறது என்று விட்டுவிட்டார். மனைவி பாலம்மா தைலம் தேய்த்தாள். தடம் போகவில்லை, படர்ந்தது. ஐந்து மாதத்தில் வெற்றிலைக் காம்பு கிள்ளிப் போட்ட துண்டு அளவிலிருந்து முழு வெற்றிலை அளவுக்கு வந்து, ஒரு காலையில் தலையணையில் இரத்தக் கறையும் வைத்தது. பாலம்மா அவரைச் சட்டை மாற்றவும் விடாமல் கண்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் சதையில் ஒரு துண்டு வெட்டி எடுத்து இரண்டு கிழமை வைத்துப் பார்த்தார்கள். இரத்தக் குழாயின் உள்சுவரில் பிறக்கிற புற்றுநோய் என்று வந்தது. அதைச் சொன்னவர் டொக்டர் சுந்தரலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த ஆள், கெட்ட செய்தி சொல்லும்போது மேசையைப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்.

“ஐயா, இது லேசில வாற வருத்தம் இல்லை. இருபது வருஷத்தில நான் மூண்டே மூண்டு பேரைத்தான் கண்டனான்.”

அழகருக்குப் பயம் வருவதற்கு முன்னால் பெருமை வந்துவிட்டது.

“அப்ப நாலாவது ஆளு நான்தானுங்களா?”

“ஓம்.”

“மத்த மூணு பேரும் எப்படி இருக்காங்க?”

டொக்டர் மேசையைப் பார்த்தார். பெருமை அந்த இடத்தில் இறங்கிக்கொண்டது.

தடம் விரிந்த அளவுக்கு வெட்டி எடுக்க முடியாது என்றும், வாராவாரம் ஊசி மருந்து ஏற்றலாம் என்றும், அது கொஞ்ச நாள் பிடித்து நிறுத்தும், பிறகு பெரும்பாலும் கைவிட்டுவிடும் என்றும் டொக்டர் மறைக்காமல் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார். நெஞ்சுப் படபடப்புக்கும் பிரஷருக்கும் பல வருஷமாகக் கொடுத்துவருகிற ஒரு பழைய மருந்து இருக்கிறது. இந்த மாதிரிக் கட்டியையும் அது அடக்குமோ என்று டொக்டர்மார் சிலருக்கு ஓர் எண்ணம். எண்ணம் மட்டும்தான், நிச்சயமில்லை. அதைப் பரீட்சித்துப் பார்க்க மூன்று நாட்டில் நாற்பது நோயாளிகளைச் சேர்க்கிறார்கள். எல்லோருக்கும் ஊசி மருந்து உண்டு. கூடவே நாளுக்கு இரண்டு கெப்சூல். பாதிப்பேருடைய கெப்சூலுக்குள் உண்மையான நெஞ்சு மருந்து இருக்கும், மீதிப்பேருக்கு வெறும் மாத் தூள். எவருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற டொக்டருக்கும் தெரியாது.

அழகருக்கு இது பிடிபடவில்லை. சீட் தைக்கிறவனுக்கும் உள்ளே தும்பா ஸ்பொஞ்சா என்று தெரியாது, உட்காருகிறவனுக்கும் தெரியாது என்றால் அது என்ன தொழில் என்று கேட்டார். டொக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். தெரிந்தால் உட்காருகிறவனுக்கு மனதாலேயே சுகமாகிவிடும், தைத்தவனும் தன் தையலைப் புகழ்ந்துவிடுவான், அதற்காகத்தான் இரண்டு பேர் கண்ணையும் கட்டுகிறோம் என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே அழகர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. படிவத்தில் விட்டிருந்த இடம் போதாமல் அடுத்த வரிக்கும் ஏறிப் போனது.

புறப்படும்போது டொக்டர் ஒரு சட்டம் போட்டார். தனக்குச் சொல்லாமல் வேறு எந்த மாத்திரையும் வாயில் போடக்கூடாது. முக்கியமாக இந்த நெஞ்சு மருந்தை வெளியில் வாங்கி விழுங்கவே கூடாது. மீறினால் எடுத்துவிட வேண்டி வரும் என்றார், தன்னைத்தான் எடுப்பார் என்று அழகர் நினைத்துக்கொண்டார். விளங்கியது என்று அழகர் தலையை ஆட்டினார். நோயுள்ள தலை, மெல்லத்தான் ஆட்டினார்.

அடுத்த நாளே பஸார் முழுக்கச் சேதி பரவியது, பரப்பியவர் அவர்தான். மூன்று நாட்டு டொக்டர்மார் சேர்ந்து தன் தலையை ஆராய்ச்சி செய்கிறார்கள், இலங்கையில் இதற்குத் தகுதியான தலை கிடைப்பதே கஷ்டம் என்று டீக்கடையில் பேசினார். மருந்தின் பெயரைப் பாலம்மாவைக் கொண்டு ஒரு கடதாசியில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் எடுத்துக் காட்டினார்.

பக்கத்து வீட்டு றம்லத்திடமும் காட்டினார். அங்கேதான் வினை தொடங்கியது.

றம்லத் அறுபது வயது விதவை. வட்டிலப்பம் செய்து கொடுத்துப் பிழைக்கிறவள். அவள் வீட்டு அலுமாரியில் பழைய பிஸ்கட் டின் ஒன்று உண்டு. அந்த வரிசையில் உள்ள ஏழு வீட்டுக்கும் அதுதான் டிஸ்பென்சரி. கிளினிக்கில் ஒரு மாதத்துக்குக் கொடுக்கிற மாத்திரையில் எவருக்கு எது மிஞ்சினாலும் அந்த டின்னில் வந்து விழும். எவருக்கு என்ன குறைந்தாலும் அதிலிருந்து போகும். சீனி வருத்தக்காரன் சீனி மாத்திரைக்கு வருவான், பிரஷர்காரி பிரஷர் மாத்திரைக்கு வருவாள். கறி கொடுத்து வாங்குவது போலத்தான், யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நாள் முழுக்க நின்றவர்களுக்குத்தான் அந்த டின்னின் அருமை தெரியும்.

றம்லத் கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் டின்னைக் கொண்டுவந்தாள்.

“அண்ணே, இது நான் எட்டு வருஷமா குடிக்கிற மாத்திரதானே. டின்னுலயும் ஈக்கி, பாருங்க.”

இருந்தது. உறைமேல் அதே பெயர். அவளுக்கு நெஞ்சுப் படபடப்புக்காக நாளுக்கு மூன்று வேளை எழுதியிருந்தார்கள். நோன்பு மாதத்தில் பகல் மாத்திரையை விழுங்க முடியாது, அது அப்படியே மிஞ்சும். மூன்று நோன்பு மிச்சம் அந்த உறைக்குள் கிடந்தது. மூன்று நாட்டு ஆராய்ச்சி மருந்து, வட்டிலப்பம் செய்கிற றம்லத்தின் பிஸ்கட் டின்னில் கிடந்ததைப் பார்த்து அழகருக்கு முகம் செத்துப்போனது. கடதாசியை மடித்துப் பையில் வைத்தவர் அதற்குப் பிறகு யாருக்கும் எடுத்துக் காட்டவில்லை.

ஆனால் அன்று இராத்திரி தூக்கம் போனது வேறு காரணத்துக்காக. இத்தனை லேசாகக் கிடைக்கிற மருந்து தனக்குக் கிடைக்காமல் போனால்? நாற்பதில் இருபது பேருக்கு மா என்று டொக்டரே சொல்லியிருக்கிறார். அந்த மூன்று பேரை நினைத்தார். டொக்டர் மேசையைப் பார்த்ததை நினைத்தார். சாவது பற்றி அழகருக்கு அதுவரை ஓர் அபிப்பிராயமும் இருந்ததில்லை, இப்போது பலமான அபிப்பிராயம் வந்துவிட்டது. கூடாது என்பது அந்த அபிப்பிராயம்.

ஒரு சீட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அறிய அவருக்கு ஒரே வழிதான் தெரியும். கடை மேசையில் கெப்சூல் ஒன்றை வைத்து ரெக்சின் வெட்டுகிற கத்தியால் குறுக்கே கீறினார். வெள்ளைத் தூள். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். ஐம்பது வருஷம் புகையிலையும் சுண்ணாம்பும் போட்டு மென்ற நாக்கு, அதற்குச் செருப்புத் தோலும் சீனிப்பாகும் ஒன்றுதான். ஒரு ருசியும் தெரியவில்லை. பாலம்மாவைக் கூப்பிட்டு நக்கிப் பார்க்கச் சொன்னார். வீட்டில் ஒரு நோயாளி போதாதா என்று அவள் கேட்டுவிட்டுப் போனாள். கைப்பு இல்லாத மருந்து உலகத்தில் உண்டா? இது கோதுமை மாதான் என்று அழகர் தீர்ப்பு எழுதினார். மிச்சத் தூளைத் தேத்தண்ணியில் கலந்து குடித்துவிட்டு, வேலியோரம் போய் நின்றார்.

“தங்கச்சி, ஊசி ஏத்துனதுல இருந்து நெஞ்சு கொஞ்சம் அடிக்குது.”

றம்லத் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உறையோடு தூக்கிக் கொடுத்தாள். தான் குடிக்கிற மாதிரியே காலை, பகல், இராத்திரி என்று சொல்லியும் அனுப்பினாள்.

அழகர் இரண்டையும் விழுங்கினார். கெப்சூல் மாவாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், தன் பெயர் பரீட்சைப் பட்டியலில் இருக்கும். மருந்து றம்லத்திடமிருந்து வரும், உயிர் இருக்கும். டொக்டர்மார் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடட்டும், தான் கண்ணைத் திறந்துகொண்டு பிழைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. மூன்றாம் வகுப்போடு நின்ற தனக்கு இந்த மூளை இருக்கிறதே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு கிழமையில் விரல்கள் நுவரெலியாத் தண்ணீரில் நனைத்தது போலக் குளிர்ந்தன. தையல் ஊசி பிடிக்க வரவில்லை. கடைக்கு மூன்று படி, மூன்றிலும் நின்று நின்று ஏறினார். மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்தார். “என்னாங்க, வரவர ஆமை மாதிரி நடக்குறீங்க” என்று பாலம்மா சொன்னபோது, பெரிய மனுஷன் மெல்லத்தான் நடப்பான் என்றார்.

பதினாறாவது நாள், கடை முன்னால் நிறுத்தியிருந்த ஒரு பஸ்ஸின் கடைசி வரிசையில் சீட்டுக்கடியிலிருந்து நிமிர்ந்தவருக்கு உலகம் அப்படியே சுருங்கி ஒரு சட்டைப் பித்தான் அளவுக்கு வந்து அணைந்தது. விழுந்தார். விழுந்தது அப்போதுதான் அவர் அடைத்து முடித்திருந்த புதிய குஷனின் மேல். வேறு யாராவது அடைத்த குஷனாக இருந்திருந்தால் மண்டை உடைந்திருக்கும் என்று பிற்பாடு சொல்வார். அதே பஸ்ஸில் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திப் பயணி ஏற்றப் பார்த்த கண்டக்டரைப் பாலம்மா கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

நாடி முப்பத்தாறு. பிரஷர் கருவிக்கே சந்தேகம் வந்து இரண்டாம் தடவை கட்டினார்கள். ஊசி போட்டு, வயர் மாட்டி, ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று ஆளைத் திருப்பி எடுத்தார்கள். கண் விழித்தவரிடம் டொக்டர் சுந்தரலிங்கம் கேட்ட முதல் கேள்வி, வேறு ஏதாவது எடுத்தீர்களா என்பது. இல்லை என்றார் அழகர். பட்டியலை விட்டு எடுத்துவிட்டால் வாராவாரம் அந்த டொக்டர் இல்லை, அளவு பார்ப்பது இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று பேரோடு நாலாவது ஆளாகப் போக வேண்டியதுதான்.

பகல் பார்வை நேரத்தில் றம்லத் கஞ்சியோடு வந்தாள். கட்டிலோரம் குனிந்து, தன்னுடைய மாத்திரையாலா இப்படி வந்தது என்று மெல்லக் கேட்டாள். இல்லை, ஆஸ்பத்திரிக் கெப்சூலால்தான் என்றார் அழகர். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு அவள் போனாள். ஒரு நாளில் இரண்டு பொய்.

சாயந்தரம் டொக்டர் ஒரு கோப்போடு வந்து கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தார். அழகர் வேறொன்றும் எடுக்காதபடியால் கெப்சூல்தான் காரணம் என்று எழுதி அனுப்பப் போவதாகச் சொன்னார். அனுப்பினால் நாற்பது பேருக்கும் கெப்சூலை நிறுத்தி வைப்பார்கள். வயதானவருக்கு ஆகாத மருந்து என்று பரீட்சையையே மூடினாலும் மூடுவார்கள். தவறு யாருடையதும் இல்லை, வருத்தப்பட வேண்டாம் என்று தேற்றவும் செய்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

அழகர் அந்தப் பேனாவையே பார்த்தார். பல வருஷத்துக்கு முன் ஒரு பஸ்காரன், கண்டக்டர் சவரப் பிளேட்டால் கிழித்த சீட்டைக் கொண்டுவந்து போட்டு, தையல் மோசம் என்று பஸ் நிலையம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். மூன்று நாள் அழகர் சோறு தின்னவில்லை. அந்தக் கண்டக்டரை இன்றைக்கும் கண்டால் துப்புவார். இப்போது கட்டிலில் படுத்திருப்பது யார் என்று யோசித்தபோது, பிளேட்டோடு அந்தக் கண்டக்டர்தான் படுத்திருப்பது போலத் தெரிந்தது.

“டொக்டர், எழுதாதீங்க.”

“ஏன் ஐயா?”

“கெப்சூல் மேல பழி போடாதீங்க. நான் பக்கத்து வீட்டு நெஞ்சு மாத்திரையும் சேத்துச் சாப்புட்டேன். ஒரு நாளைக்கு மூணு. பதினாறு நாளு.”

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?”

“நீங்க குடுத்தது மாவுன்னு நெனச்சேன்.”

“அது எப்பிடித் தெரிஞ்சது?”

“வெட்டிப் பாத்தேங்க.”

“வெட்டி?”

“நக்கியும் பாத்தேன்.”

கட்டிலின் மறுபக்கத்தில் பாலம்மா எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகி, ஆஸ்பத்திரி என்ற ஒரே காரணத்துக்காக மறுபடியும் உட்கார்ந்தாள். டொக்டர் இந்தத் தடவை மேசையைத் தேடவில்லை, நேரே பார்த்தார்.

“ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தா, நீங்கள் வெட்டுறதுக்கு ஒண்டும் மிஞ்சியிருக்காது ஐயா. நாங்கள்தான் உங்களை வெட்டிப் பாத்திருப்பம்.”

எழுந்து போனார். வைத்தியத்துக்கு அவசியம் என்றால் மட்டும் கெப்சூலின் ரகசியத்தைத் திறக்கலாம், அதற்கு ஒரு டெலிபோன் நம்பர் உண்டு. அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து கட்டிலின் காலடியில் நின்றார்.

“உங்களுக்குக் குடுத்தது அசல் மருந்துதான். முதல் நாளில இருந்தே.”

அழகர் கையைத் தூக்கித் தலையிலிருந்த தடத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

“என்னைய எடுத்துருவீங்களா?”

“கெப்சூல் நிப்பாட்டத்தான் வேணும். கண்கட்டு அவிண்டு போச்சு. ஆனால் சேர்ந்த ஆளைக் கணக்கில இருந்து எடுக்கேலாது.”

“எடுப்பேன்னு அன்னைக்குச் சொன்னீங்களே.”

“கெப்சூலை எடுப்பன் எண்டுதான் சொன்னனான். உங்களை இல்லை. பிழை விட்ட ஆக்களை எல்லாம் வெளியில தள்ளிப்போட்டு, சொல்வழி கேட்ட பிள்ளையளை மட்டும் வைச்சுக் கணக்குப் பாத்தா, அது மருந்துக்குப் பொய்ப் பேர் வாங்கிக் குடுக்கிற வேலை. நீங்கள் செய்த கூத்தையும் சேத்துத்தான் எழுதுவன்.”

நாடி சீரான பிறகு அதே மருந்தைக் குறைந்த அளவில், பகிரங்கமாக, மருந்துச் சீட்டெழுதித் தருவதாகவும் சொன்னார். அசலென்று தெரிந்த பிறகு ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. பாலம்மா கையால் மட்டும் கொடுக்க வேண்டும், மாதாமாதம் தடத்தை அளக்க வேண்டும். அழகர் தலையாட்டினார். எழுதுகிறபோது பக்கத்து வீட்டுப் பெண் பெயர் வரக்கூடாது, முழுத் திட்டமும் தன்னுடையது என்று எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மருத்துவக் குறிப்பில் திட்டம் என்றெல்லாம் எழுதுவதில்லை என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்த அன்றே பாலம்மா றம்லத்திடம் நடந்ததைச் சொல்லிவிட்டாள். றம்லத் வேலியைச் சுற்றிக்கொண்டு வராமல் கடை வாசலால் நேரே உள்ளே வந்தாள்.

“அண்ணேன்னு நம்பித் தந்தேன். என்னயக் கொலகாரியாக்கப் பாத்தீங்களே.”

அழகர் மன்னிப்புக் கேட்டார். எப்படிக் கேட்பதென்று பழக்கமில்லாததால் நடுவில் குஷன் பற்றியும் கொஞ்சம் வந்தது. றம்லத் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுடைய டின் மூடப்பட்டது. அந்த வரிசையில் ஏழு வீடும் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியதாகி, ஏழு வீடும் அழகரைத்தான் திட்டியது.

மூன்றாம் மாதம் டொக்டர் சின்ன அடிமட்டம் ஒன்றை அவர் தலையில் வைத்து, நீளமும் அகலமும் அளந்து, பழைய கடதாசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டாம் தடவையும் வைத்து அளந்தார். தடம் வளரவில்லை. ஓரத்தில் ஓரிடத்தில் நிறம் கொஞ்சம் வெளிறியும் இருந்தது. இந்த வருத்தத்தில் வளராமல் இருப்பதே பெரிய விஷயம், ஆனால் மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது என்றார். ஊசியாலா, கெப்சூலாலா, றம்லத்தின் மாத்திரையாலா என்று அழகர் கேட்டார். நாற்பது பேரும் முடிந்த பிறகுதான் ஏதாவது தெரியும், அப்போதும் அவர் ஒருவரைப் பற்றித் தெரியாது என்றார் டொக்டர்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழகர் இதைப் பாலம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். படித்த டொக்டருக்கே தெரியவில்லை, ஆகவே தன் திட்டம் பிழையென்று எவனும் அடித்துச் சொல்ல முடியாது, ஒருவேளை அந்தப் பதினாறு நாள்தான் கட்டியை மிரட்டி வைத்திருக்கிறதோ என்னவோ என்றார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் முதலிலிருந்து சொன்னார்.

வளரவில்லை என்ற ஒரு சொல்லை மட்டும் பாலம்மா கேட்டு வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், பகல் மாத்திரையை அவர் நாக்கில் தானே வைத்தாள், விழுங்கும் வரைக்கும் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். அழகர் திறந்தார். நாக்கைத் தூக்கச் சொன்னாள். தூக்கினார். அவர் பேச்சு நின்றிருந்த அந்த அரை நிமிஷத்தை அவள் அவசரப்படாமல் எடுத்துக்கொண்டாள்.